முதுகில் விழுந்த சதுரம்

பிப்ரவரி 3, திங்கள்

ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி சொல்லித் தரும் பெண் இந்த டைரியைக் கொடுத்தாள். தினமும் எவ்வளவு தூரம் நடந்தேன், என்ன சாப்பிட்டேன், மூச்சு வாங்கியதா என்று எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். என்ன சாப்பிட்டேன் என்பதை எழுதப் போவதில்லை. மற்றதை எழுதுகிறேன்.

என் பெயர் ஆவுடையம்மாள். வயது ஐம்பத்திரண்டு. பாளையங்கோட்டையில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். எடை நூற்றுப் பதினாறு கிலோ. கடைசியில் எழுதியதைத்தான் எல்லோரும் முதலில் கவனிப்பார்கள்.

ஜனவரியில் மாரடைப்பு வந்தது. ஷர்மிளாவுக்கு ரிவர்ஸ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தாடை வலித்தது, பிறகு இடது கை. அந்தப் பெண் வண்டியைத் தொட்டே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. என்னை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை இரண்டாவது கியரிலேயே ஓட்டினாள். நான் பக்கத்தில் தாடையைப் பிடித்துக்கொண்டு, "கிளட்ச்சை விடு தாயி, கிளட்ச்சை விடு" என்று சொல்லிக்கொண்டே போனேன். நன்றாகத்தான் ஓட்டினாள்.

தொடை வழியாகக் குழாய் விட்டு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்கள், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அடைப்பு கல்லாக இறுகிப் போயிருந்ததாம். முழு மயக்கம் கிடையாது, காது கேட்கும். மேஜையில் ஏற்றும்போது ஒருவன், "மேஜை தாங்குமா?" என்று கேட்டான். "தாங்கும்டே" என்று நானே சொன்னேன்.

தாங்கியது. இதயத்தின் இன்னொரு இரத்தக் குழாயிலும் அடைப்பு இருக்கிறது. அதைச் சில மாதம் கழித்துச் சரி செய்யலாம் என்று டாக்டர் அருள்வளவன் சொல்லியிருக்கிறார்.

இன்று தெருமுனை வரை நடந்தேன். மூச்சு வாங்கவில்லை.


பிப்ரவரி 9, ஞாயிறு

முதுகில் அரிப்பு. வலது தோள்பட்டைக்குக் கீழே, என் கை எட்டாத இடம். அவரைச் சொறிந்துவிடச் சொன்னேன். "வேர்க்குரு" என்றார். பவுடர் போட்டார்.

அவர் என்றால் என் கணவர் செண்பகராமன். ஓட்டுநர் பள்ளியில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையெல்லாம் அவர்தான். ஒல்லியான மனிதர். நாங்கள் ஸ்கூட்டரில் போனால் ஊரே ஒரு தரம் திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும்.


பிப்ரவரி 20, வியாழன்

வகுப்பை மறுபடி ஆரம்பித்துவிட்டேன். சீட்டில் சாய்ந்தால் முதுகு எரிகிறது, அதனால் முன்னால் நகர்ந்து உட்காருகிறேன். என் பக்கம் இருக்கும் பிரேக் எட்டுவதற்கு அதுதான் வசதி.

மாலையில் என் முதுகைப் பார்த்த அவர், என்னை விளக்குக்கு நேராகத் திருப்பி உட்கார வைத்தார்.

"என்னங்க?"

"செவந்திருக்கு. அதான் பாக்கேன்."

"சிரங்கா?"

"தெரியல ஏளா. சதுரமா இருக்கு. ஒரு பக்கம் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி."

"சிரங்கு எங்கயாவது சதுரமா வருமா? கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்க" என்றேன்.

"கண்ணாடி போட்டுத்தான் இருக்கேன்" என்றார்.


மார்ச் 1, சனி

எங்கள் தெரு டாக்டரிடம் போனோம். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே எட்டிப் பார்த்தார். படர்தாமரை என்றார். உடம்பு பெருத்தவர்களுக்கு மடிப்பில் வியர்வை தேங்கும், அங்கே வரும் என்றார்.

"என் முதுகுல மடிப்பு இல்லியே டாக்டர்."

"எடையைக் குறைங்கம்மா. எல்லாம் போயிரும்."

இதற்கு முன்னால் முழங்கால் வலிக்கு எடை என்றார். சரி. தலைவலிக்கு எடை என்றார். ஒரு தடவை காதில் வண்டு போய்விட்டது என்று போனேன், அன்றைக்கும் எடை மெஷினில் ஏறச் சொன்னார். வண்டோடு சேர்த்து நிறுத்தார்.

களிம்பு எழுதிக் கொடுத்தார். காலையும் மாலையும் அவர்தான் போட்டுவிடுகிறார்.


மார்ச் 8, சனி

குப்புறப் படுத்தேன். தூங்கினேன் என்று வைத்துக்கொள்வோம்.


மார்ச் 14, வெள்ளி

இதய டாக்டரிடம் மறு பரிசோதனை. வெளியே காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் ஊரில் இதயம் நன்றாக இருப்பவர் எவரும் இல்லையோ என்று தோன்றும். உள்ளே போனதும் இதய ஸ்கேன் பார்த்தார். ஸ்டென்ட் நன்றாக இருக்கிறது என்றார். எனக்குச் சந்தோஷம்தான்.

முதுகைப் பற்றிச் சொன்னேன். அவர் இன்னொரு படத்தில் கண்ணாக இருந்தார். பக்கத்தில் நின்ற இளம் டாக்டர், ரவிக்கைக்கு மேலாகவே பார்த்துவிட்டு, பிளாஸ்டர் ஒத்துக்கொள்ளாமல் இருக்கும், அல்லது கனமானவர்களுக்குப் படுக்கையில் அழுந்தி வரும் புண்ணாக இருக்கும் என்றார். நான் படுக்கையில் கிடந்ததே ஐந்து நாள்தான். அதைச் சொல்லவும் நேரம் இல்லை.

அடுத்த குழாய்க்கு ஜூனில் நாள் பார்க்கலாமாம். அதற்குள் பதினைந்து கிலோ குறைய வேண்டுமாம்.

"குறையலைன்னா?" என்று கேட்டேன்.

"முயற்சி பண்ணுங்க" என்றார் அருள்வளவன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து சிரிப்பது சுலபம்.


மார்ச் 22, சனி

புதிதாகச் சேர்ந்த பெண் சமாதானபுரம் சிக்னலில் படக்கென்று பிரேக்கை மிதித்துவிட்டாள். நான் முன்னால் போய், அப்படியே பின்னால் வந்து சீட்டில் அறைந்துகொண்டேன். "சாரி அக்கா, சாரி அக்கா" என்று அவளுக்கு நடுக்கம். ஒன்றுமில்லை, முதல் கியரைப் போடு என்றேன்.

வீட்டுக்கு வந்து ரவிக்கையைக் குளிர்ந்த தண்ணீரில் ஊற வைத்தேன். வெந்நீரில் போட்டால் கறை போகாது. வெளிர் மஞ்சள் ரவிக்கை, எனக்குப் பிடித்தது. இனி கருநீலத்தில் போட்டுக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன்.


ஏப்ரல் 2, புதன்

தினமும் மருந்து போட்டுவிட்டு, "ஆறிட்டு வருது" என்பார் அவர். நானும் நம்பினேன். இன்று மின்கட்டணம் கட்ட அவர் போனை எடுத்தேன். அதில் ஒரு படம். எதைப் பிடித்திருக்கிறார் என்று முதலில் புரியவில்லை. பிறகு என் ரவிக்கை முடிச்சைப் பார்த்தேன்.

உள்ளங்கையைவிடப் பெரிய ஒரு சதுரம். ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் தோலே இல்லை. மூலைகூடச் சரியாக இருந்தது.

சமையலறைக்குப் போய் அவர் முன்னால் போனை நீட்டினேன்.

"இதுதான் ஆறிட்டு வாரதா?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "நீ பயந்திருவியோன்னு நெனச்சேன்."

"பயந்தது நானா நீங்களா?"

"ரெண்டு பேருக்கும் சேத்து நான் பயந்துட்டு இருந்தேன் ஏளா" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

மனிதரை மேலே ஒன்றும் சொல்ல முடியவில்லை. மாடிக்குப் போனேன். பாதிப் படியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போனேன். எங்கள் வீட்டுப் படி செங்குத்து.


ஏப்ரல் 7, திங்கள்

அவருடைய சிநேகிதர் ஒருவர் சொல்லி, மேலப்பாளையத்தில் தோல் டாக்டர் மெஹ்ராஜ் பானுவிடம் போனோம். நாற்பது வயதிருக்கும். நான் உட்கார்ந்ததும் அவர் எழுந்து என் பின்னால் வந்து நின்றார். விளக்கைச் சாய்த்துப் பார்த்தார், விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். அதற்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"சமீபத்துல ஆஞ்சியோ ஏதும் பண்ணாங்களாம்மா?"

"ஜனவரில பண்ணாவ. முதுகக் காட்ட வந்தா நெஞ்சப் பத்திக் கேக்கிய?"

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"மூணு மணி நேரத்துக்கு மேல."

அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இது படர்தாமரை இல்லம்மா. எக்ஸ்ரே பட்ட புண்ணு."

எனக்கு விளங்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் புண் வருமா? கை ஒடிந்தபோது எடுத்தார்களே.

"அது ஒரு நொடி. இது மணிக்கணக்கு. குழாய் எங்க போகுதுன்னு பாக்குறதுக்கு எக்ஸ்ரே விட்டுவிட்டு வந்துக்கிட்டே இருக்கும். மேல தெரியுற பெட்டில இருந்து வருதுன்னு நினைப்பீங்க. இல்ல. மேஜைக்கு அடியில இருந்து வரும். முதுகு வழியா உள்ள போய் நெஞ்சு வழியா வெளிய வந்தாத்தான் படம். உள்ள நுழையுற எடத்துத் தோலுதான் நெறைய வாங்கும்."

"எல்லாருக்கும் இப்பிடி வருமா?"

கொஞ்சம் தயங்கினார். பிறகு நேராகவே சொன்னார். "வராது. உடம்பு தடிமனா இருந்தா கதிர்ல பெரும்பகுதி உள்ளயே நின்னுடும், படம் மங்கலாகும். மெஷின் விடாது. படம் தெளியுற வரைக்கும் தானாவே கூட்டிக்கும். உங்க வீட்டுக்காரருக்கு ஆகுறதைவிட உங்களுக்குப் பல மடங்கு போயிருக்கும். அதோட, ஒரே கோணத்துல ரொம்ப நேரம் வச்சிருக்காங்க. அதான் பெட்டி மாதிரி அச்சு."

"அப்ப என் எடையாலதான்."

"எடை ஒரு காரணம். உங்க தப்புன்னு நான் சொல்லல. ரெண்டும் வேற."

பழைய களிம்பை நிறுத்தச் சொன்னார். புண்ணிலிருந்து சதை வெட்டிச் சோதனைக்கு அனுப்ப யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம், வெட்டிய இடம் ஆறாமல் போகலாம் என்றார். ஆற மாதக்கணக்கில் ஆகும், ஒருவேளை வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டிவரும் என்றும் சொன்னார். மறைக்காமல் சொன்னதற்கு நன்றி சொன்னேன்.

திரும்பும்போது நானே கார் ஓட்டினேன்.

என் வாழ்நாள் முழுக்க எது வந்தாலும் எடை என்றார்கள். இல்லை, இல்லை என்று நான் சண்டை போட்டேன். உண்மையிலேயே எடை ஒரு காரணமாக இருந்தது இந்த ஒன்றில்தான். இதை மட்டும் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.


ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வேப்பம்பூ ரசம் வைத்தேன். நடந்த தூரம்: வீட்டுக்குள்.


ஏப்ரல் 23, புதன்

போனேன். இதய டாக்டரிடம்தான். செண்பகராமன் வேண்டாம் என்றார், அவரையும் கூட்டிக்கொண்டே போனேன். என் முறை வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, உட்காராமல், மேல்சேலையை விலக்கி முதுகைக் காட்டினேன். முதுகு திறந்த ரவிக்கை இப்போதெல்லாம். புண்ணுக்குப் போட்டிருந்த கட்டையும் கழற்றச் சொன்னேன் என் கணவரிடம்.

அருள்வளவன் எழுந்து வந்தார். நெடுநேரம் பார்த்தார். இளம் டாக்டரை வெளியே போகச் சொன்னார்.

"ஆவுடையம்மா, அன்னைக்கு அதைச் செய்யலைன்னா நீங்க இருந்திருக்க மாட்டீங்க."

"தெரியும் சார். உசுரோட வச்சதுக்கு உங்களக் கும்பிடுதேன். அதச் சொல்லிட்டுத்தான் இதக் கேக்கேன். இது எக்ஸ்ரேயால வந்துதா இல்லியா?"

"வந்திருக்கலாம்."

"சார்."

"ஆமா" என்றார். "உங்க உடம்பு எடைக்குக் கதிர் கூடத்தான் போகும். வேற வழி கிடையாது. இல்லைன்னா படத்துல எங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"போவட்டும். என் எடை அன்னைக்கு உங்களுக்குத் தெரியாதா? அத நான் முந்தானையில மறச்சுக்கொண்டா வந்தேன்? மேஜை தாங்குமான்னு கேட்ட ஆஸ்பத்திரிதான இது? மேஜையப் பத்திக் கவலப்பட்டிய. மேஜை மேல கெடந்த முதுகப் பத்தி ஒருத்தருக்கும் கவல இல்லியே."

அவர் என் கணவரைப் பார்த்தார். செண்பகராமன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எப்போதும் என்னை அடக்குகிறவர் இன்று அடக்கவில்லை.

"எவ்வளவு போயிருக்குன்னு மெஷின் காட்டும்" என்றார் டாக்டர் மெதுவாக. "அன்னைக்கு அளவு ரொம்பக் கூடன்னுதான் காட்டுச்சு. பாத்தோம்."

"பாத்துட்டு?"

"அடுத்த பேஷண்ட் வெளிய காத்துக்கிட்டு இருந்தாங்க."

"முதுக ரெண்டு மூணு மாசம் பாத்துக்கிடுங்கன்னு ஒரு வார்த்த. அதுக்கு எவ்வளவு நேரம் ஆவும் சார்?"

அவர் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். பிறகு, "சொல்லியிருக்கணும்" என்றார்.

இந்த வார்த்தையை வாங்கத்தான் போனேன். வாங்கியதும் மனம் குளிரும் என்று நினைத்திருந்தேன். குளிரவில்லை. ஜூனில் நாள் குறிக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, "உங்க மேஜையில இனி நான் படுக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வாசலில் செண்பகராமன் கேட்டார்: "அப்பம் அந்த ரெண்டாவது அடைப்பு?"

"அடைச்சே கெடக்கட்டும்."


மே 5, திங்கள்

இரண்டு நாளைக்கு ஒரு தடவை மேலப்பாளையத்தில் கட்டுப் போடுகிறார்கள். அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. வெக்கைக்காக மாடியிலிருந்து படுக்கையைக் கீழே கொண்டுவந்துவிட்டோம். இனி படி ஏற வேண்டாம்.


மே 12, திங்கள்

என் மதினி, செண்பகராமனின் அக்கா, தென்காசியிலிருந்து பார்க்க வந்தாள். எனக்குத் தெரியும் என்ன சொல்வாள் என்று.

"நீ கொஞ்சம் வாயக் கட்டியிருந்தா இது வந்திருக்குமாம்மா?"

"மதினி, நான் வாயக் கட்டியிருந்தா இந்த வீட்டுல உங்க தம்பி இன்னும் லோன் ஆபீஸ்காரன்ட்ட கும்பிடு போட்டுட்டு நின்னுருப்பாவ" என்றேன். அவள் சொன்னது சாப்பாட்டு வாயை. அது எனக்குத் தெரியும்.

சிரித்துவிட்டாள். கட்டு மாற்றும்போது பக்கத்தில் நின்றாள். அதன் பிறகு எடைப் பேச்சை எடுக்கவில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.


மே 18, ஞாயிறு

வகுப்பில் ஒரு சின்னத் தடங்கல். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கைப்பையில் இருந்தது. வைத்துக்கொண்டேன். ஓட்டிய பெண் கவனிக்கவில்லை. வளைவில் நன்றாகத் திருப்பினாள்.


மே 21, புதன்

மறுபடி மாத்திரை. இந்த முறை ஓட்டக்கூட இல்லை. சும்மா துணி காயப்போட்டேன்.

கட்டுப் போடும்போது டாக்டர் பானு என் முகத்தைப் பார்த்தார்.

"நெஞ்சு வலிக்குதா?"

"முதுகுதான் வலிக்கி."

"ஆவுடையம்மா, முதுகுக்குத்தான் நான் டாக்டர். ஆனா நீங்க சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குறது எனக்குக்கூடத் தெரியுது."

அவர் கட்டை ஒட்டி முடித்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். "கோவம் நியாயம். நான் ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கோவத்துல ஆஸ்பத்திரிக்கு ஒண்ணும் ஆகாது. போறது நீங்க."

"மறுபடியும் அதே கதிருக்குத்தான போவணும்? இதே எடையோடதான?"

"அதே கதிர்தான். ஆனா அதே எடத்துல, அதே மாதிரி போகணும்னு இல்ல. கோணத்தை மாத்தலாம். நிறுத்தி நிறுத்திப் பண்ணலாம். படம் வாங்குற பெட்டிய நெஞ்சுக்குப் பக்கத்துல இறக்குனா கதிர் குறையும். இதெல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சதுதான். கேளுங்க. நீங்கதான் நல்லாக் கேப்பீங்களே."

வீட்டுக்கு வரும் வழியில் செண்பகராமனிடம் சொன்னேன், நெஞ்சு வலி மூன்று வாரமாக இருக்கிறது என்று.

"தெரியும்" என்றார். "மாத்திர குறையுதுல்லா."


மே 28, புதன்

அருள்வளவனிடம் நானே போனேன். உட்கார்ந்தேன் இந்த முறை.

"படுக்கேன் சார். ஆனா சில காரியம் இருக்கு."

"சொல்லுங்க."

"பழைய எடத்துல ஒரு துளி கதிர் படக்கூடாது. ஒரே கோணத்துல வச்சுட்டு நிக்கக்கூடாது. எவ்வளவு போவுதுன்னு நடுவுல ஒருத்தர் சத்தமாச் சொல்லணும், நான் கேக்கணும். முடிஞ்சதும் எவ்வளவுன்னு எங்கிட்டச் சொல்லணும்."

"சத்தமாச் சொல்லச் சொல்லி இதுவரைக்கும் ஒரு பேஷண்ட் கேட்டதில்ல."

"இப்பம் கேட்டாச்சு."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "நானும் ஒண்ணு கேக்கலாமா? ஓர் அளவு வச்சுக்கிறேன். அதைத் தாண்டுற மாதிரி இருந்தா பாதியில நிறுத்திடுவேன். வேலை முடியலைன்னாலும். அப்ப நீங்க இன்னொரு நாள் வரணும். கோவிச்சுக்கிட்டுப் போயிடக்கூடாது."

"வருவேன்."

"பதினஞ்சு கிலோ?"

"அது எனக்கும் என் உடம்புக்கும் உள்ளது" என்றேன். ஏழு கிலோ குறைந்திருந்தது. அவரிடம் சொல்லவில்லை. அவருக்காகக் குறைக்கவில்லை.


ஜூன் 11, புதன்

நாளைக்கு எழுத முடியுமோ என்னவோ, இன்றே எழுதுகிறேன். பயமாக இருக்கிறது.


ஜூன் 13, வெள்ளி

முடிந்தது. உயிரோடு இருக்கிறேன்.

மேஜையில் ஏற்றும்போது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் பானு பழைய புண்ணின் எல்லையைத் தோலில் மையால் வரைந்து அனுப்பியிருந்தார். அருள்வளவன் அதை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். படம் வாங்கும் பெட்டி நெஞ்சை இடிக்கும் அளவுக்கு இறங்கியது. "மூச்சு விட இடம் இருக்காம்மா?" என்று கேட்டார். இருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எண்ணை வாசித்துக்கொண்டே இருந்தாள். எண்ணின் அர்த்தம் எனக்கு முழுதாகத் தெரியாது. ஆனால் அவள் வாசித்த ஒவ்வொரு தடவையும் டாக்டர், "கோணத்தை மாத்து" என்றார், அல்லது "நிறுத்து, பழைய படத்தைக் காட்டு" என்றார். ஒரு தடவை மங்கலாக இருக்கிறது, கூட்டட்டுமா என்று யாரோ கேட்டார்கள். "வேண்டாம். இது போதும். ஸ்டென்ட் தெரியுதுல்ல?" என்றார்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே தள்ளிக்கொண்டு வரும்போது அவரே குனிந்து சொன்னார்: "போன தடவை போனதுல அஞ்சுல ஒரு பங்குதான்."

"அதே உடம்புதான சார்?"

"அதே உடம்புதான்" என்றார்.


ஜூன் 14, சனி

பக்கத்துக் கட்டிலில் ஜெபசிங் என்று ஒருவன். முப்பத்தெட்டு வயது. எங்கள் பக்கத்து நாசரேத் ஊரில் தேவாலயப் பாட்டுக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். என்னைவிடக் கனம். திங்கட்கிழமை அவனுக்கு ஸ்டென்ட். அவனுடைய அம்மா தங்கபுஷ்பம் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு காலையிலிருந்து அவனைத் திட்டுகிறாள்.

"தின்னு தின்னே கெட்டான். கல்யாண வீட்டுக்கு வாசிக்கப் போனாம்னா மூணு பந்தியில இருப்பான். இப்பம் பாருங்க, வெட்கமா இருக்கு எனக்கு."

அவன் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் போர்வையை எனக்குத் தெரியும். நானும் இழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

எழுந்து போய் அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கட்டில் முனகியது. இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை. முதுகைக் காட்டினேன். ஏன் வந்தது, எப்படி வந்தது, என்ன கேட்க வேண்டும், எல்லாம் சொன்னேன். தங்கபுஷ்பம் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் டாக்டர்ட்ட நாம கேக்கலாமாக்கா?" என்றான் ஜெபசிங்.

"உன் முதுகுதானடே? பெறகு யாரு கேப்பா?"

"குண்டா இருந்துட்டுக் கேள்வி வேற கேக்கானேன்னு நெனப்பாவளே."

"நெனக்கட்டும். குண்டா இருக்கதாலதான் கேக்கணும். ஒல்லியா இருக்கவனுக்கு இந்தக் கேள்வி இவ்வளவு அவசரம் இல்ல."


ஜூன் 16, திங்கள்

என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். நர்ஸ் மாத்திரைகளைச் சொல்லிவிட்டு, "மூணு மாசத்துக்கு வாரம் ஒரு தடவை முதுகைப் பாருங்க, செவந்தா உடனே போன் பண்ணுங்க" என்றாள். இப்போது எல்லோருக்கும் சொல்கிறார்களா என்று கேட்டேன். அதிக நேரம் ஆன கேஸ், கனமான உடம்பு, இரண்டுக்கும் சொல்லச் சொல்லியிருக்கிறார்களாம் போன வாரத்திலிருந்து.

ஜெபசிங்கை அப்போதுதான் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும் முன் அவன் குரல் கேட்டது: "சார், ஒரு சந்தேகம்..."


ஜூலை 9, புதன்

ஓரங்களில் புதுத் தோல் வந்திருக்கிறது. நடுவில் இன்னும் ஒரு புளியங்கொட்டை அளவுக்குத் திறந்திருக்கிறது. தோல் ஒட்டுவது பற்றி, இரத்தம் இளக்கும் மாத்திரையைக் குறைக்கும் காலம் வந்த பிறகு முடிவு செய்யலாம் என்கிறார் டாக்டர் பானு. படம் எடுத்து என்னிடமே முதலில் காட்டுகிறார் செண்பகராமன்.

நடந்த தூரம்: தூய சவேரியார் கல்லூரி வரை. மூச்சு வாங்கியது, ஆனால் அது நடந்ததால்.


ஜூலை 20, ஞாயிறு

மத்தியானம் தங்கபுஷ்பம் போன் பண்ணினாள். ஜெபசிங் முதுகில் சிவப்பு. அவளே வாரா வாரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"எவ்வளவு பெருசு?"

"தீப்பெட்டி அளவுதான்ம்மா. தோலு உரியல. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணோம். அந்த அருள்வளவன் டாக்டரு உடனே வரச் சொல்லி, அவியளே மேலப்பாளையத்து டாக்டரம்மாட்ட அனுப்பிட்டாவ. நேத்து பாத்தாச்சு. லேசானதுதானாம், தன்னால அடங்கிரும், வெயில் படாம, சொறியாம வச்சுக்கிடணும்னாவ."

மூச்சு விட்டேன். "நல்லவேள. நேரா அங்க போனிய."

"நேராப் போவல்லம்மா. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். போன் பண்ணதுக்கு மொதல் நாளு, பக்கத்துல இருக்கேன்னு எங்கூரு டாக்டர்ட்ட காட்டினேன். அவரு சட்டையக்கூடத் தூக்கல. குண்டா இருக்கான், வேர்வைக்கு வந்திருக்கும், எடையக் குறைக்கச் சொல்லுங்கன்னாரு. ஜெபசிங்கு தலையத் தொங்கப்போட்டுட்டான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். 'டாக்டரய்யா, அவன் எடையப் பத்தி நான் வீட்டுல பேசிக்கிடுதேன். நீங்க முதுகப் பாருங்க'ன்னுட்டேன்."

நான்கூட இவ்வளவு நன்றாகச் சொல்லவில்லை.